வேலை கேட்டு வந்தவன் குற்றவாளியா?

வேலை தேடிப் போகிற ஒரு மனிதனை நோக்கி இந்நாட்டில் இன்று முதன்முதலாகக் கேட்கப்படுகிற கேள்வி, “உனக்கு என்ன வேலை தெரியும்?” என்பதல்ல. “ஆதார் கொண்டு வந்திருக்கிறாயா?” என்பதேயாகும். அதைத் தொடர்ந்து பான் கார்டு எங்கே, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே, டி.சி. எங்கே, ரேஷன் கார்டு எங்கே, பழைய முதலாளி கொடுத்த விடுவிப்புக் கடிதம் எங்கே என்று வரிசையாகக் கேட்கப்படுகின்றது. இவ்வளவையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டு, மேஜைமேல் வைத்த பிறகுதான் அவனுக்கு ஒரு நாற்காலி காட்டப்படுகின்றது. சில இடங்களில் அதற்குப் பிறகும் காட்டப்படுவதில்லை. முடிவில் “வேலை இல்லை, சொல்லி அனுப்புகிறோம்” என்று அனுப்பிவிடும்போது அந்தக் காகிதங்களைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமும் கிடையாது. கேட்டால், “அது பைலுக்குள் போய்விட்டது” என்று பதில் வருகிறது. ஆளை வேண்டாம் என்றவர்களுக்கு ஆளுடைய காகிதம் மாத்திரம் எதற்கு வேண்டியிருக்கிறது என்பதே நாம் கேட்கிற கேள்வி.

அடையாளம் கேட்பதே அக்கிரமம் என்று சொல்ல நாம் வரவில்லை. லாரி ஓட்டப் போகிறவனிடம் லைசென்ஸைப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்கிறவன் முட்டாள். பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது, பதினெட்டுக்குட்பட்டவர்களை அபாயமான வேலையில் விடக்கூடாது என்று 1986ம் ஆண்டுச் சட்டமும் 2016ல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் சொல்லுகின்றன. ஆகவே வயதுக்கு ருசு கேட்க வேண்டியது முதலாளியின் கடமையேயாகும். ஆளை வேலைக்கு எடுத்துக் கொண்ட பிறகு சம்பளம் போடுவதற்கு பாங்கிக் கணக்கு வேண்டும். வரி பிடிப்பதற்கு பான் வேண்டும். சேமநிதிக்கு ஆதார் வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. இவைகளையெல்லாம் நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இவை யாவும் வேலை கொடுத்த பிறகு வேண்டியவைகள். கொடுப்பதற்கு முன்பே, நூறு பேர் வந்து நிற்கிற கூட்டத்தில் ஐந்து பேரை எடுப்பதற்காக நூறு பேருடைய சரித்திரத்தையும் கொட்டிக் கவிழ்த்துக் கொள்ளுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? அந்தத் தொண்ணூற்றைந்து பேருடைய பிறந்த தேதியும், தகப்பன் பெயரும், வீட்டு விலாசமும், படமும் பிறகு எந்த மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போகின்றன, எந்த மோசக்காரன் கையில் சிம் கார்டாகவும் கடனாகவும் மாறப் போகின்றன என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

“மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?” என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். பயம் கனத்தைப் பற்றியதல்ல ஐயா, மடியைத் தடவுகிற கையைப் பற்றியது.

இந்தக் காகிதங்களை வாங்கி வைப்பதால் முதலாளிக்காவது ஏதேனும் உண்மையான பாதுகாப்பு ஏற்படுகிறதா என்று பார்த்தால் அதுவும் கிடையாது. வாங்கிய ஜெராக்ஸை யாரும் எதனோடும் ஒத்துப் பார்ப்பதில்லை. வேறொருவன் கார்டில் தன் படத்தை ஒட்டி நகல் எடுத்து வந்தாலும் அது பைலுக்குள் போகும். சரியான கார்டைக் கொண்டு வந்தாலும் அதே பைலுக்குள்தான் போகும். கடையில் திருட்டு நடக்காமலிருக்க ஆதார் நகலை வாங்கி அலமாரியில் வைப்பதற்கும், கண்ணேறு படாமலிருக்க வாசலில் பூசணிக்காய் கட்டித் தொங்கவிடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. பூசணிக்காயாவது அழுகினால் தூக்கி எறியப்படுகிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை நம் ஜனங்கள் தெரிந்து கொள்ளாததே இந்த அக்கிரமத்துக்குப் பாதி காரணம். ஆதார் சட்டம் 2016ல் செய்யப்பட்டது. அதில் 57வது பிரிவு, தனிப்பட்ட கம்பெனிகளும் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்கலாம் என்று இடம் கொடுத்திருந்தது. 2017 ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, ஒரு மனிதனுடைய அந்தரங்கம் அவனுடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26ந் தேதித் தீர்ப்பில், தனியார் கேட்பதற்கு இடம் கொடுத்த அந்த 57வது பிரிவின் பாகம் செல்லாது என்று அடித்து விட்டார்கள். 2019ல் சர்க்கார் சட்டத்தைத் திருத்தி, ஒருவன் மனமொப்பித் தானாகக் காட்டினால் பார்க்கலாம் என்று வேறொரு வாசலைத் திறந்தது. அந்தத் திருத்தத்திலும்கூட, காட்டுகிறவனுக்கு “வேறு அத்தாட்சியும் காட்டலாம்” என்று சொல்ல வேண்டுமென்றும், இப்படிப் பார்க்கிறவர்கள் ஆதார் நம்பரைச் சேகரித்து வைக்கக்கூடாதென்றும் இருக்கிறது. இதைப் படித்த முதலாளி எத்தனை பேர்? படித்தும் படியாதவர்போல் இருக்கிறவர் எத்தனை பேர்? வேலையில்லாதவன் முன் நின்று கொண்டு “உன் இஷ்டம், தரலாம், தராமலும் போகலாம்” என்று சொல்லுவது, பசித்தவன் முன் சோற்றை வைத்துக் கொண்டு “கும்பிடுவதும் கும்பிடாததும் உன் இஷ்டம்” என்று சொல்லுவதைப் போன்றதுதான்.

சர்க்காருடைய யோக்கியதையும் இதில் சொல்லிக் கொள்ளும்படியாக இல்லை. 2022 மே 27ந் தேதி ஆதார் இலாகாவின் பெங்களூர் அலுவலகம், “உங்கள் ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், தவறாக உபயோகிக்கப்படலாம், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த நகலைக் கொடுங்கள்” என்று அறிக்கை விட்டது. உள்ளபடியே நல்ல புத்திமதி. இரண்டு நாளைக்குள், ஜனங்கள் இதைத் தப்பர்த்தம் செய்து கொள்ளுவார்கள் என்று காரணம் சொல்லி அந்த அறிக்கை வாபஸ் வாங்கப்பட்டது. ஜனங்கள் சரியாக அர்த்தம் செய்து கொண்டு விட்டார்கள் என்பதே மெய்யான காரணமாயிருக்கலாம் என்பது நமது சந்தேகம். 2023ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்காகவும் தொழிலாளியின் தகவலை அவன் சம்மதம் இல்லாமலே உபயோகித்துக் கொள்ள இடம் வைத்திருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயர் யாருடைய பாதுகாப்பைக் குறிக்கிறது என்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இது நிற்க. உழைக்கிறவனிடம் சீட்டுக் கேட்கிற வழக்கம் எங்கிருந்து பிறந்தது என்பதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

1858ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரோட்டுக்குச் சரளை போடும் காண்டிராக்டில் ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் பதியச் செய்தான். கையெழுத்தைப் பின்னால் இல்லையென்று சொல்லிவிடுவான் என்ற அவநம்பிக்கையே காரணம்.  கைரேகையை அத்தாட்சியாக்கும் ஏற்பாடு இந்நாட்டில் இப்படி வேலை கொடுப்பவன், வேலை செய்பவன் என்கிற உறவில்தான் தலையெடுத்தது. பிறகு 1871ல் செய்யப்பட்டு 1911ல் விரிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த ஜாதியையே குற்றமாக்கிற்று. மதுரை ஜில்லாவில் கள்ளர்கள் கைரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டு இராத்தங்கப் போனால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆயிற்று. ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ந் தேதி போலீஸார் சுட்டதில் பலர் உயிர் போயிற்று. சென்னை மாகாணத்தில் 1947ல்தான் அந்தச் சட்டம் தொலைந்தது. இன்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் யந்திரத்தில் விரலை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். சோப்பிலும் சாம்பலிலும் தேய்ந்த ரேகை யந்திரத்துக்குத் தெரியாவிட்டால் அன்றைக்கு அவள் வரவில்லை என்று கணக்கு. மேல்மாடி எஜமானருடைய விரலை யாரும் கேட்பதில்லை. அவர் யார் என்று அந்த அம்மாளுக்கும் தெரிய வேண்டாமா?

கைரேகையைக் காட்டிலும் நமக்கு நெருக்கமான இன்னொரு சீட்டு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் கங்காணிகளால் கொண்டு போகப்பட்ட காலத்தில், தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டு அவர்கள் கழுத்தில் கட்டப்பட்டது. அங்கே போன பிறகு வேறொரு தோட்டத்துக்கு மாறவேண்டுமானால் “துண்டு” என்று ஒரு காகிதம் வேண்டும். இந்தக் கூட்டத்து ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விட்டுவிடச் சம்மதம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது அது. புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்ளுவான். கடன் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. கடன் கொடுத்தவன்தான் மாறினான். தொழிலாளி வாங்காத கடனும் அவன் தலையில் ஏறிக் கொண்டே போகும். துண்டு இல்லாதவனுக்கு எங்கும் வேலை இல்லை. ஆடுமாடு சந்தையில் கைமாறுகிற ரசீதுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. 1921ல் இலங்கையில் சட்டம் செய்து துண்டை ஒழித்தார்கள்.

ஒழிந்ததா என்று நம் கம்ப்யூட்டர் கம்பெனி வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் புதிய முதலாளி சேர்ப்பதில்லை. அந்தக் கடிதத்தைப் பெற மூன்று மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கீடான பணம், பயிற்சிக்குச் செலவு என்று ஒரு தொகை, ஒப்பந்தத்தை முறித்ததற்கு ஒரு தொகை. சிலவேளைகளில் புதிய கம்பெனியே அந்தப் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக் கொள்ளுகிறது. நம் வாலிபர் அதைப் பெருமையாகவும் சொல்லிக் கொள்ளுகிறார்! ஆங்கிலத்தில் பெயர் வைத்து, கண்ணாடிக் கட்டடத்தில் வைத்துக் கொடுத்தால் துண்டு துண்டாகாமல் போய்விடுமா?

இனி, அந்தக் காகிதங்களுக்குள் எழுதியிருப்பது என்ன என்று பார்ப்போம். டி.சி.யில் மதம் என்றும் ஜாதி என்றும் கட்டங்கள் இருக்கின்றன. விருப்பமில்லாதவர்கள் இவற்றைக் குறிப்பிடாமல் விடலாம் என்று 1973லேயே தமிழ்நாட்டு சர்க்கார் ஆணை போட்டிருந்தும், அந்த ஆணையைக் கண்ணால் கண்ட தலைமை ஆசிரியர்கள் சிலரே. 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் வருகிற ஜாதிப் பட்டத்தை விட்டுவிடுவதென்று தீர்மானமாயிற்று. அதன் பலனாய் இன்று தமிழனுடைய பெயரைக் கேட்டு ஜாதியைக் கண்டுபிடிப்பது வடநாட்டைப் போல் அவ்வளவு சுலபமல்ல. பெயரில் கிடைக்காததை விலாசத்தில் தேடுகிறார்கள். இன்ன காலனி, இன்ன தெரு என்று ஆதாரில் இருந்தால் போதும். 2025 ஏப்ரலில் “காலனி” என்ற சொல்லை அரசாங்க ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்ததற்குக் காரணமே அந்தச் சொல் வசைச்சொல்லாகிவிட்டது என்பதுதான். ஆனால் ஏற்கனவே அச்சாகிக் கைக்கு வந்துவிட்ட கார்டுகள் அப்படியே இருக்கின்றன.

இது வெறும் சந்தேகம் என்று யாரேனும் சொல்லுவார்களானால், அவர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டேவெல் என்னும் இரு அறிஞர்கள் 2007ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பார்க்கட்டும். 2005 அக்டோபர் முதல் 2006 டிசம்பர் வரை பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ளவையும் பெயரில் மட்டும் வித்தியாசமுள்ளவையுமான விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மேல்ஜாதிப் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் வந்தது. ஆளைப் பார்க்கவில்லை, வேலையைச் சோதிக்கவில்லை, வெறும் பெயர் ஒன்றே இவ்வளவு செய்தது. இதற்கு மேல் டி.சி.யையும் விலாசத்தையும் தகப்பன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை.

“சர்க்கார் உத்தியோகத்தில் ஜாதிச் சான்று கேட்கிறார்களே, அதை நீங்கள் ஆதரிக்கவில்லையா?” என்று நம்மைக் கேட்பார்கள். ஆதரிக்கிறோம். 1928ல் அமலுக்கு வந்த வகுப்புவாரி உத்தரவு முதல் இன்றுவரை சர்க்கார் ஜாதியைக் கேட்பது பங்கு கொடுப்பதற்காக. வைத்தியர் நோயைக் கேட்பது போன்றது அது. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு என்பதே கிடையாது. பங்கு கொடுக்காதவனுக்குப் பந்தியில் இருப்பவன் ஜாதி எதற்கு? தள்ளுவதற்கல்லாமல் வேறெதற்கு என்று கேட்கின்றோம். நாளைக்கே தனியார் துறையிலும் ஒதுக்கீடு கொடுக்கட்டும்; நாமே வரிசையில் நின்று சான்றிதழை நீட்டுகிறோம்.

நகலோடு போனாலும் பரவாயில்லை. அசலையே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர், தகப்பனில்லாதவர், கடன் வாங்கிப் படித்தவர், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தார். சேருகிற அன்று பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலுள்ள அசல் சான்றிதழ்கள் அத்தனையும் வாங்கிக் கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு மேனேஜர், “தம்பி, நம்பிக்கை இல்லாவிட்டால் இங்கே ஏன் வந்தாய்?” என்றாராம். நம்பிக்கை இல்லாமல் சான்றிதழைப் பிடித்து வைக்கிறவர், ரசீது கேட்டவனைப் பார்த்து நம்பிக்கையைப் பற்றிப் பேசினார்! ஏழு மாதத்திற்குப் பிறகு, சொன்ன சம்பளம் வரவில்லை என்று அவர் வேலையை விடப் போனபோது, இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போனால் தருகிறோம், இல்லையென்றால் அறுபதாயிரம் கட்டு என்றார்கள். வேறு இடத்தில் வேலைக்குப் போக அசல் வேண்டும், அசலோ பூட்டில். பண்ணையடிமையைச் சங்கிலியால் கட்டினார்கள். இவரை அவருடைய சொந்தப் படிப்பாலேயே கட்டினார்கள்.

இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று நாமே தேடினோம். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்ட நமக்குச் சட்டப் புத்தகம் கொஞ்சம் கரடுமுரடுதான். என்றாலும் படித்தால் விளங்காதது எதுவுமில்லை. 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 171வது பிரிவு, வரவேண்டிய பாக்கிக்காக மற்றவர் பொருளைப் பொதுவாகப் பிடித்து வைத்துக் கொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்று பட்டியல் கொடுக்கிறது: பாங்கிக்காரர், கமிஷன் ஏஜெண்டு, துறைமுகக் கிட்டங்கிக்காரர், ஹைகோர்ட்டு வக்கீல், இன்ஷூரன்ஸ் தரகர். முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவர்கள், வெளிப்படையாக ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தால்தான் உரிமை கேட்க முடியும். ஆகையால்தான் சேருகிற அன்றே, படிக்க நேரம் கொடுக்காமல், பதினைந்து பக்கக் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டு விஷயத்திலோ அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. 1967ம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய சர்க்காரின் சொத்து. வைத்திருப்பவனுக்கே சொந்தமில்லாததை ஏஜெண்டு எப்படி அடகு பிடிக்க முடியும்? ஆனால் பிடிக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக் கொள்ளுவது அவ்வளவு சகஜமாயிருந்ததால்தான் கத்தார் நாடு 2015ல் சட்டம் செய்து, பிடித்து வைக்கிற முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் என்று எழுத வேண்டியதாயிற்று. 2022ல், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்டுக் கொண்டுவரப்பட்ட தமிழ்நாட்டு வாலிபர்களின் கதை பத்திரிகைகளில் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் வேலைக்குப் போகிறவன் என்ன செய்வது? வேலை நிச்சயமாகும் முன் ஆதார் நம்பரைக் கொடுக்க வேண்டியதில்லை. வாக்காளர் அட்டையையோ லைசென்ஸையோ காட்டி, பார்த்தவுடன் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். ஆதார்தான் வேண்டுமென்று பிடிவாதம் செய்தால், நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த நகலைக் கொடுக்கலாம். எந்த நகலைக் கொடுத்தாலும் அதன் குறுக்கே, இன்ன கம்பெனியில் இன்ன வேலை விண்ணப்பத்துக்கு மட்டும் என்று தேதியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அசலைக் காட்டலாம்; கொடுக்கக்கூடாது. கேட்கிறவரையும் திருப்பிக் கேட்க வேண்டும்: உங்கள் கம்பெனியின் பதிவு எங்கே? சேமநிதிக் கணக்கு நம்பர் என்ன? நியமனக் கடிதம் எப்போது தருவீர்கள்? 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நியமனக் கடிதம் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கின்றன. தன் காகிதத்தைக் காட்ட மாட்டேன், உன்னுடையதை மட்டும் கொடு என்கிறவன் யார் என்பதை அவனுடைய வாயாலேயே தெரிந்து கொள்ளலாம்.

ஒருவன் தனியாகப் போய்க் கேட்டால் வெளியே போ என்பார்கள் என்பது நமக்குத் தெரியும். மேலே சொன்ன வாலிபரும் தனியாகப் போனபோதெல்லாம் அதையேதான் கேட்டுக் கொண்டு வந்தார். கடைசியில், பிடித்து வைத்திருக்கும் சான்றிதழ்கள் இன்னின்ன, எந்தச் சட்டத்தின்கீழ் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதே கம்பெனியில் அதே நிலையில் இருந்த இன்னும் மூன்று பேரையும் நம் தோழர்கள் இருவரையும் கூட்டிக் கொண்டு போனார். மேனேஜர் அன்றைக்கு எல்லோருக்கும் நாற்காலி போட்டாராம். ஒன்பதாம் நாள் சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன, நான்கு பேருடையதும். பட்டச் சான்றிதழ் நடுவில் மடிக்கப்பட்டு, ஓரத்தில் டீக்கறையோடு இருந்தது. விடுவிப்புக் கடிதம் இந்த வாரம் வரையில் வரவில்லை.